பேசினால் எழுதித் தரும் செயலி: நம் நடை அதில் தங்குகிறதா?

"தட்டச்சு வேண்டாம், பேசினால் போதும், உங்கள் எழுத்து உங்களைப் போலவே இருக்கும்" என்று விளம்பரம் செய்கிற ஒரு குரல் தட்டச்சுச் செயலியைச் சந்தா கட்டிப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறேன். பேசினால் எழுதுகிறது, அதில் சந்தேகமில்லை. நம்மைப் போலவே இருக்குமா என்பதற்குத்தான் இந்த விமர்சனம். பெயர் சொல்லவில்லை, கொஞ்சம் திட்டவும் போகிறேன்.

முதலில் அடிப்படை வேலை. கூகுள் 2017 ஆகஸ்டில் தமிழையும் சேர்த்து 8 இந்திய மொழிகளில் குரல் தட்டச்சைக் கொண்டுவந்தது, அதற்கப்புறம் இந்தத் துறை நிறையவே முன்னேறியிருக்கிறது. இந்தச் செயலியும் வேகமாகவே பேசினாலும் பிடித்துக்கொள்கிறது. அரையா அறையா, வலியா வழியா என்பதைப் பக்கத்துச் சொற்களை வைத்து ஊகிக்கிறது, பெரும்பாலும் சரியாகவே. ஒற்று மட்டும் அதன் இஷ்டம். "அதை பார்த்து" என்றுதான் போடும், "அதைப்" வேண்டுமென்றால் நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும். காற்புள்ளியும் அப்படித்தான். யோசிக்கக் கொஞ்சம் நிறுத்தினால் மைக் அணைந்துவிடும், அது எரிச்சல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வுபெறும் மேலாளர் ஒருவருக்குப் பிரிவுபசாரக் குறிப்பு எழுத வேண்டியிருந்தது. விசைப்பலகையில் கை வைத்ததும் வந்தது இது: "அனைவரிடமும் அன்பாகப் பழகும் பண்பாளர், கடின உழைப்புக்கு எடுத்துக்காட்டாகத் திகழ்ந்தவர்." இதை யாருக்கு வேண்டுமானாலும் வாசிக்கலாம், ஆளை மட்டும் மாற்றினால் போதும். அப்புறம் செயலியைத் திறந்து, அவரைத் தெரியாத ஒரு நண்பரிடம் சொல்வதுபோலச் சொன்னேன்: "கோபம் வந்தா மூக்குக்கண்ணாடியக் கழட்டி மேஜை மேல வெச்சிடுவாரு, வெச்சாச்சுன்னா அன்னிக்கு யாரும் லீவு கேக்கக் கூடாதுன்னு எங்களுக்கெல்லாம் தெரியும், ஆனா மறுநாள் அவரே கூப்பிட்டு எந்தத் தேதி வேணும்னு கேப்பாரு." இதைப் பிறகு எழுத்து நடைக்கு மாற்றினேன். வெச்சிடுவாரு என்பது வைத்துவிடுவார் ஆனது, லீவு விடுப்பு ஆனது, ஆனாலும் வாசித்தவர்கள் "இது நீ எழுதினதுதானே" என்றார்கள்.

இதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. பேச்சு வழக்கில் எழுதினால்தான் இயல்பாக இருக்கும் என்று பலர் நினைத்துக்கொண்டு, எல்லா வினைச்சொல்லின் வாலையும் நறுக்கிவிட்டு, உள்ளே அதே பண்பாளரையும் எடுத்துக்காட்டையும் வைத்திருப்பார்கள். நம் தனித்தன்மை வினைமுற்றில் இல்லை. எதைக் கண்ணில் பிடித்தோம், எதை முதலில் சொன்னோம், எந்த இடத்தில் "ஆனா" போட்டுத் திரும்பினோம் என்பதில்தான் இருக்கிறது. இலக்கணம் பிசகாத எழுத்துத் தமிழிலும் அது தாராளமாக உட்காரும்.

ஆனால் இந்தச் செயலியில் "மெருகூட்டு" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. மேலே சொன்ன அதே பேச்சை அதற்குக் கொடுத்தேன். கிடைத்தது: "அவர் சில வேளைகளில் கண்டிப்புடன் செயல்பட்டாலும், பணியாளர்களின் நலனில் மிகுந்த அக்கறை கொண்டவராக விளங்கினார்." கண்ணாடி போச்சு, மேஜை போச்சு, மறுநாள் கூப்பிட்டுக் கேட்டதும் போச்சு. பிழை என்று ஒன்றையும் காட்ட முடியாது, ஆனால் ஆளும் இல்லை. வியாசர் பாரதம் சொல்லப் பிள்ளையார் எழுதிய கதையில் இரண்டு நிபந்தனைகள் உண்டு: சொல்பவர் நிறுத்தக் கூடாது, எழுதுபவர் பொருள் புரியாமல் எழுதக் கூடாது. செயலி முதல் நிபந்தனையை மட்டும் கறாராக வைத்திருக்கிறது.

இதற்காகப் பேசியதை அப்படியே வெளியிடச் சொல்லவில்லை. என் பேச்சை எழுத்தில் பார்த்தால் "அதாவது", "வந்து", "என்ன சொல்றது" என்று வரிக்கு வரி முள். இன்னொன்று, மைக் சிவப்பானதும் சிலருக்கு வானொலி அறிவிப்பாளர் குரல் வந்துவிடுகிறது, அதில் பேசுவதற்குத் தட்டச்சே மேல். ஒரே ஒருவரை நினைத்துக்கொண்டு, அவருக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்புவதுபோலப் பேசினால் அது போய்விடும். பக்கத்தில் ஆள் இருந்தால் அதுவும் கஷ்டம். தவிர, சொல்லி எழுதவைக்கும் பழக்கம் நடையையே மாற்றவும் செய்யும்: ஆங்கில நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் மணிக்கட்டு வலியால் 1897 வாக்கில் தட்டச்சரிடம் சொல்லி எழுதவைக்கத் தொடங்கினார், அவருடைய பிற்கால வாக்கியங்கள் கிளை கிளையாக நீண்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. அடித்து அடித்துத் திருத்தும்போதுதான் சிலருக்கு நடையே பிறக்கும். கிண்டலை நறுக்கென்று ஒரு வரியில் வைக்கிறவர்கள் அந்த ரகம், அவர்களுக்கு இந்தச் செயலி தேவையே இல்லை.

மற்றவர்கள் வாங்கலாம், முதல் வரைவுக்கு மட்டும். வாங்கியதும் அமைப்புகளுக்குள் போய்த் தானாக மெருகூட்டும் வசதியை அணைத்துவிடுங்கள், ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் அது மறுபடி உயிர்பெற்றிருக்கிறதா என்று பாருங்கள், எனக்கு அப்படி நடந்தது. பேசிய மூலத்தைத் தனியாகச் சேமித்து வையுங்கள், மெருகு ஏறிவிட்டால் பழையது திரும்பக் கிடைக்காது. அந்தப் பொத்தானே வேண்டாம், கழித்துக்கொண்டு சந்தாவைக் குறையுங்கள் என்று வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக் கேட்டேன். "தங்களின் மேலான கருத்துக்கு நன்றி, தங்கள் அனுபவத்தை மேம்படுத்துவதில் தொடர்ந்து அக்கறை கொண்டுள்ளோம்" என்று பதில் வந்தது. அந்தப் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் அனுப்பியிருப்பார்கள் போல.