கொழும்பில் வைத்துப் பேண எந்தத் தூண்டில்: ரீல் தடியா, டென்காராவா?

கடந்த இரண்டு சித்திரை விடுமுறைகளிலும் நாங்கள் நால்வரும் இமாச்சலப் பிரதேசத்தின் தீர்த்தன் பள்ளத்தாக்குக்கு மலைநடைக்கும் ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீனைப் பிடிப்பதற்கும் போய்வந்தோம். முதல் தடவை, நூல் சுற்றும் ரீல் பொருத்திய வழமையான ஈத்தூண்டில் தடி (பூச்சி போலக் கட்டிய செயற்கை ஈயை இரையாக வீசுவது) மட்டும் எங்களிடம் இருந்தது. இரண்டாம் தடவை ஜப்பானியரின் டென்காரா தடி ஒன்றும் சேர்ந்துகொண்டது. வரும் பயணத்துக்கு மகனுக்கென்று தனித்தடி வாங்கவேண்டி வந்தபோது, அதிகம் யோசிக்காமல் இன்னொரு டென்காராவையே வாங்கினேன். அதற்கான காரணத்தில் பாதி ஆற்றிலும், மீதி வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு அலுமாரிக்குள்ளும் இருக்கிறது.

நம் மலையகத்திலும் ட்ரவுட் உண்டு. பிரித்தானியர் காலத்தில் கொண்டுவந்து விடப்பட்ட வானவில் ட்ரவுட்டின் வழிவந்தவை ஹோர்ட்டன் சமவெளியின் ஓடைகளில் வாழ்கின்றன. ஆனால் அது 1988 முதல் தேசியப் பூங்கா. அங்கே நாங்கள் போவது நடப்பதற்கும் பார்ப்பதற்கும் மட்டுமே. தீர்த்தனிலோ மாநில மீன்வளத் துறையின் அனுமதிச்சீட்டுடன் பிரவுண் ட்ரவுட்டுக்குத் தூண்டில் போடலாம். நவம்பர் முதல் பெப்ரவரி வரை முட்டையிடும் காலம் என்பதால் ஆறு மூடப்பட்டிருக்கும். குஷைனியிலிருந்து பெரும் இமாலயத் தேசியப் பூங்காவை நோக்கிச் செல்லும் பாதை பெரும்பாலும் ஆற்றை ஒட்டியே ஏறுவதால், நடையையும் மீன்பிடியையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள முடிகிறது.

இரண்டு தடிகளுக்கும் உள்ள வேறுபாடு எளிது. ரீல் தடி சுமார் 2.7 மீற்றர் நீளம், நான்கு துண்டுகளாகக் கழலும். கனமான பூச்சிட்ட நூலின் எடைதான் எடையற்ற ஈயைத் தூரத்துக்குக் கொண்டுபோகிறது. டென்காரா ஒன்றுக்குள் ஒன்று செருகும் தடி. விரித்தால் 3.6 மீற்றர், மடக்கினால் ஏறத்தாழ அரை மீற்றர், எடை 100 கிராமுக்கும் குறைவு. அதற்கு ரீல் கிடையாது. நுனியிலுள்ள சிறு பின்னல் கயிற்றில் நூலை நேரே முடிந்துவிடுகிறோம். எடை குறைந்தது, பையில் அடங்குவது, பிள்ளைகளுக்கு இலகுவானது என்பவை எல்லோரும் சொல்வதுதான். அவை அத்தனையும் உண்மை.

மலை ஆற்றில் மீன் நிற்பது பாறைகளுக்குப் பின்னால் இருக்கும் சிறு அமைதி நீரில். அதற்கும் நமக்கும் நடுவே வேகமான ஓட்டம் ஒன்று இருக்கும். ரீல் தடியின் கனத்த நூல் அந்த ஓட்டத்தில் விழுந்தவுடன் ஈயை இழுத்துக்கொண்டு போய்விடும். டென்காராவின் நீண்ட தடியை உயர்த்திப் பிடித்தால் நூல் நீரைத் தொடுவதே இல்லை. ஈ மட்டும் மிதக்கும். பதினொரு வயது மகள் முழங்காலளவு நீரில் நின்று, ஒரு பலகைக் கல்லின் பின்புறம் மூன்றாவது தடவை ஈயை இறக்கியபோது நூல் சட்டென்று நின்றது. “அப்பா, இது கல்லா மீனா?” என்று கேட்டுக்கொண்டே அவள் தடியை உயர்த்தினாள். உள்ளங்கையை விடச் சற்றே நீளமான மீன், வெளிர் வளையத்துக்குள் சிவப்புப் புள்ளிகள். கைகளை நனைத்துப் பிடித்து, முள்ளைக் கழற்றி, தலையை ஓட்டத்துக்கு எதிரே வைத்து விட்டுவிட்டோம்.

இருந்தாலும், ஆண்டில் பத்து நாள் பாவிக்கும் பொருள் மிச்சமுள்ள காலமெல்லாம் கொழும்பில் என்ன ஆகிறது என்பதே எனக்கு முடிவைத் தந்தது. எங்கள் வீடு கடலிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறது. உப்புக்காற்றில் யன்னல் கொண்டிகளே துருப்பிடிக்கும். முதல் பயணம் முடிந்து வந்து, ரீலைத் துணிப்பையில் போட்டு வைத்துவிட்டு, தென்மேற்குப் பருவமழை ஓய்ந்தபின் எடுத்துப் பார்த்தேன். அலுமினிய விளிம்பில் பூச்சு உரிந்த இடமெல்லாம் வெண்பொடி பூத்திருந்தது; நூல் ஓடும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிறேக் பிடித்துக்கொண்டு திரும்ப மறுத்தது; நூல் சுருளை விட்டு நேராகவில்லை; கோர்க் கைப்பிடியில் பூஞ்சணம். ரீல் தடி வைத்திருப்பவர் நூலை இளஞ்சூட்டுச் சவர்க்கார நீரில் கழுவித் துடைக்கவேண்டும். ரீலிலிருந்து கழற்றி பெரிய வளையமாகத் தொங்கவிடவேண்டும். பிறேக்கைத் தளர்த்தி வைக்கவேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விடக்கூடாது. நுளம்புக்குப் பூசிய மருந்து கையிலிருந்து நூலில் படவும் கூடாது. இத்தனையும் செய்யும் பொறுமை உள்ளவர்கள் உண்டு. இரண்டு பிள்ளைகளின் பாடசாலையும் பரீட்சையும் நடக்கும் வீட்டில் என்னால் முடியவில்லை. உதிரிப்பாகம் வேண்டுமென்றாலும் எனக்கு வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு.

டென்காராவுக்கும் ஒரு கண்டிப்பான விதி இருக்கிறது: ஈரத்தோடு மடக்கி வைத்தால் துண்டுகள் ஒன்றோடொன்று இறுகிவிடும், பூச்சும் கொப்புளிக்கும். ஆனால் அதற்கு ஒரு மாலை போதும். அடிமூடியைத் திருகினால் துண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். துடைத்து, துவாயில் பரப்பி, மின்விசிறியின் கீழ் ஒரு இரவு விட்டுவிடலாம். துருப்பிடிக்கும் உறுப்பு அதில் ஏறக்குறைய எதுவும் இல்லை. கைப்பிடி கோர்க் என்பதால் பூஞ்சணம் இதிலும் வரும், துடைக்கத்தான் வேண்டும்.

நான் பழகியது ஒரேயோர் ஆற்றில், சிறு மீன்களோடு மட்டும். ஏரியிலோ, எதிர்க்காற்றிலோ, அகன்ற ஆற்றிலோ ரீல் தடியின் எட்டும் தூரத்துக்கு டென்காரா ஈடாகாது. பெரிய மீன் ஓடினால் விட்டுக்கொடுக்க நூல் இல்லை. அப்போது நானும் அதன் பின்னால் ஓடவேண்டியிருக்குமோ, நூல் அறுந்துபோகுமோ, சொந்த அனுபவத்தில் சொல்ல என்னிடம் எதுவுமில்லை. நுனித்துண்டு மெல்லியது என்பதையும் மறைக்கமாட்டேன். மகன் அவசரத்தில் சாய்த்து மடக்கியபோது ஒன்று முறிந்தது. அதனால் புதிய தடியோடு இரண்டு உதிரி நுனிகளையும் சேர்த்தே வாங்கியிருக்கிறேன். ரீல் தடியை நியூசிலாந்திலுள்ள அத்தானுக்குக் கொடுத்துவிட அக்காவிடம் பேசிவிட்டேன். அவர் போகும் ஏரிகளுக்கு அதுதான் பொருத்தம்.