ஷ்வார்ட்ஸ் ரீஏஜென்ட்: பாட்டிலா, சொந்தத் தயாரிப்பா?

ஆல்கைனிலிருந்து (கார்பன்-கார்பன் முப்பிணைப்புள்ள சேர்மம்) வினைல் அயோடைடு செய்யும் வேலை ஓயாமல் வருவதால் ஷ்வார்ட்ஸ் ரீஏஜென்ட் என்ற இந்தச் சிர்கோனியம் ஹைட்ரைடோடு பல வருஷப் பழக்கம். வாங்கிய பாட்டிலும் பார்த்தாயிற்று, லேபிலேயே செய்ததும் பார்த்தாயிற்று. என் ஓட்டு சொந்தத் தயாரிப்புக்குத்தான். பாட்டில் திறந்த புதிதில் நன்றாக இருக்கும், அப்புறம் ஆளாளுக்குத் திறந்து மூடி, வெளிச்சமும் ஈரமும் பட்டு வீரியம் குறைந்துகொண்டே போகும், பொடியைப் பார்த்து அதைச் சொல்லவும் முடியாது.

செய்வது கஷ்டமில்லை. சிர்கோனோசீன் டைகுளோரைடை ஆர்கான் வாயுவில் வைத்து டி.எச்.எஃப் (டெட்ராஹைட்ரோஃபியூரான்) என்ற கரைப்பானில் கரைத்து, லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடின் ஈதர் கரைசலை மெதுவாக விட வேண்டும். அந்தக் கரைசலை முன்கூட்டியே வடிகட்டித் தெளிவாக்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் நமக்கு வேண்டிய பொருளும் கரையாத வெள்ளைப் பொடிதான், கசடு கலந்தால் பிரிக்க வழியே இல்லை. குடுவையைச் சுற்றி அலுமினியத் தாள் அவசியம்.

சூட்சுமம் எல்லாம் கழுவுவதில் இருக்கிறது. கொஞ்சம் சிர்கோனியம் எப்படியும் ஒரு படி தாண்டி டைஹைட்ரைடாகிவிடும். டைகுளோரோமீத்தேன் ஊற்றினால் அந்த டைஹைட்ரைடு வேகமாக ஒரு குளோரினை வாங்கிக்கொண்டு சரியான பொருளாகத் திரும்பும், மெத்தில் குளோரைடு வெளியேறும். ஆனால் அதிக நேரம் விட்டால் நல்ல ஹைட்ரைடும் மெல்ல டைகுளோரைடாகிவிடும். வேதியியலாளர் புக்வால்ட் குழுவின் செய்முறை 10 நிமிடத்துக்கு மேல் போகாதே என்கிறது, அதை அப்படியே கடைப்பிடியுங்கள், வடிகட்டும் ஏற்பாட்டைத் தயாராக வைத்துக்கொண்டு ஊற்றுங்கள். தரம் பார்க்க, சிறிதளவு பொடியில் அசிட்டோன் அதிகமாகச் சேர்த்து என்.எம்.ஆர் (அணுக்காந்த ஒத்திசைவு) நிறமாலை எடுத்தால், நல்ல ஹைட்ரைடு அசிட்டோனோடு வினைபுரிந்து தரும் ஐசோபுரோபாக்சைடுக்கும் டைகுளோரைடுக்கும் உள்ள விகிதம் தெரிந்துவிடும்.

வெய்ல்ஸும் வைகோல்டும் 1970-இல் செய்த சேர்மம் இது, ஷ்வார்ட்ஸும் ஹார்ட்டும் ஆல்கீன்களில் இதைப் பயன்படுத்திக் காட்டியது 1974-இல். கரையாததால் எக்ஸ்-ரேக்கு ஏற்ற படிகம் சிக்கவில்லை. நுண்படிகங்களில் எலக்ட்ரான் விளிம்பு விளைவைப் பார்க்கும் மைக்ரோ இ.டி. முறையில் 2019-இல்தான் அமைப்பு கிடைத்தது. இரண்டு சிர்கோனியம், ஒவ்வொன்றிலும் இரண்டு சைக்ளோபென்டாடையீனைல் வளையமும் ஒரு குளோரினும், நடுவே பாலமாக இரண்டு ஹைட்ரஜன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, ஆல்கைன் சேர்த்ததும் அந்த வெள்ளைக் குழம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தெளிந்த மஞ்சளாவது. வேறு மானி தேவையில்லை, தெளிந்ததும் அயோடின் விடலாம். அமைடை ஆல்டிஹைடாக்குவதுதான் உங்கள் தேவை என்றால் பொடியைத் தனியாகப் பிரிக்கவே வேண்டாம், சிர்கோனோசீன் டைகுளோரைடோடு லித்தியம் ட்ரை-டெர்ட்-பியூட்டாக்சி அலுமினியம் ஹைட்ரைடு சேர்த்து அதே குடுவையில் உருவாக்கிக்கொள்ளலாம்.