குளியலறை அடைப்பெடுக்கும் ஸ்பிரிங் கம்பி: 350 ரூபாய்க்குத் தகுமா?

குளித்து முடிப்பதற்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்கி நிற்கும் குளியலறைக்கு முதலில் வாங்க வேண்டிய பொருள் எது என்று கேட்டால், கையால் சுற்றித் தள்ளும் ஸ்பிரிங் கம்பி என்றே சொல்வேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் 350 ரூபாய் கொடுத்து வாங்கிய கம்பி இது. 5 மீட்டர் நீளம். சுண்டு விரலைவிடச் சற்று மெலிந்த பருமன். ஒரு முனையில் சுற்றுவதற்கு வளைந்த இரும்புக் கைப்பிடி, மறுமுனையில் கொஞ்சம் விரிந்த சுருள். கம்பெனிப் பெயர், பெட்டி, செய்முறைத் தாள் எதுவும் கிடையாது. சுருட்டி ஒரு பையில் போட்டுத் தருகிறார்கள். மழைக்காலமும் கோடையும் கடந்து பயன்படுத்திய பிறகே இதைப் பற்றி எழுதுகிறேன்.

நம் பகுதி வீடுகளில் அடைப்பு எப்படி உண்டாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இந்தக் கம்பியின் அருமை புரியும். கடலோரத்தில் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பும் கடினத்தன்மையும் கொண்டது. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத ஒரு வெள்ளைக் கசடாக மாறிக் குழாயின் உட்சுவரில் படிகின்றன. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் எண்ணெயும் சீயக்காய்த் தூளும் கடலை மாவும் அந்தக் கசடின் மேல் ஒட்டிக்கொள்ள, உதிர்ந்த தலைமுடி அனைத்தையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது. தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய் வந்த பிள்ளைகள் காலில் கொண்டுவரும் மணலும், கிழித்துப் போட்ட ஷாம்பு பாக்கெட்டின் மூலைத் துண்டும், தேங்காய் நாரும் இதில் சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை. ஆக, நாம் எதிர்கொள்வது பெரும்பாலும் முடியும் கசடும் சேர்ந்த ஒரு கட்டி. அதைக் கரைக்க முயல்வதைவிடப் பிடித்து வெளியே இழுப்பதே சரியான வழி.

கம்பியைக் கையில் எடுக்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. தரையிலுள்ள ஜாலி மூடியைக் கழற்றி, அதன் கீழிருக்கும் ட்ராப்பை, அதாவது தண்ணீர் தேங்கி நிற்கும் கிண்ணம் போன்ற பகுதியைப் பார்க்க வேண்டும். பல வீடுகளில் ட்ராப்பினுள் கப் ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும்; அதைத் தூக்கிக் கழுவினாலே பாதி அடைப்புகள் தீர்ந்துவிடும். தண்ணீர் வேகமாக இறங்குகிறது என்பதற்காக அந்தக் கப்பை எடுத்தெறிந்துவிட்டுப் போகும் பிளம்பர்களைப் பார்த்திருக்கிறேன். அது பெரும் தீங்கு. ட்ராப்பில் எப்போதும் நிற்கும் சுமார் 50 மி.மீ. ஆழத் தண்ணீர்தான் சாக்கடை வாயுவையும் கரப்பான் பூச்சியையும் வீட்டுக்குள் வரவிடாமல் தடுக்கிறது. கப் போனால் அந்தத் தடுப்பும் போய்விடும். பிறகு எத்தனை பினாயில் ஊற்றினாலும் நாற்றம் போகாது.

ட்ராப் சுத்தமாக இருந்தும் தண்ணீர் இறங்கவில்லை என்றால்தான் கம்பிக்கு வேலை வருகிறது. கையுறை அணிந்துகொண்டு, தேங்கிய தண்ணீரைக் குவளையால் மொண்டு வெளியேற்றிவிட்டு, சுருள் முனையை மெதுவாக உள்ளே விட வேண்டும். ஓர் அடி தூரத்துக்குள்ளேயே ஏதோ ஒன்றில் முட்டும். பலரும் அதை அடைப்பு என்று எண்ணிப் பலங்கொண்டு குத்துகிறார்கள். குழாயின் வளைவில் முட்டினால் கைக்குக் கடினமாகத் தெரியும், கம்பி திரும்பி நம்மை நோக்கித் தள்ளும். அப்போது லேசாக அழுத்தியபடி வலப்பக்கமாகச் சுற்றினால் முனை வளைவைக் கண்டுபிடித்துத் தானாக நழுவி முன்னே போகும். அடைப்பில் முட்டினால் அப்படி இருக்காது. மெத்தென்று அமுங்கும், சுற்றும்போது கைப்பிடி கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். இந்த வித்தியாசம் கைக்குப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரிதான். இறுகியதும் அதே திசையில் இன்னும் சில சுற்றுகள் சுற்றி, சுற்றுவதை நிறுத்தாமலே இழுக்க வேண்டும். இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு இழுத்தால் சிக்கிய முடி அவிழ்ந்து மறுபடியும் குழாய்க்குள்ளேயே தங்கிவிடும். எங்கள் வீட்டில் வெளியே வந்தது முழங்கை நீளத்துக்கு ஒரு கறுத்த முடிக்கற்றை. நனைந்த சடை போல முறுக்கிக்கொண்டு, மேலெல்லாம் சாம்பல் நிறக் கசடு பூசி, நடுவே துருப்பிடித்த ஹேர்பின் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்தது. அதற்குப் பின் ஒரு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றியபோது, தரையில் நிற்காமல் மளமளவென்று இறங்கியது.

ஊற்றுவது மிதமான சூட்டில் இருந்தால் போதும். கொதிக்கும் தண்ணீரை நேரே ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. பிவிசி குழாய் அந்தச் சூட்டைத் தாங்குவதற்கானதல்ல, இளகி வளையும், இணைப்புகளும் விட்டுப்போகும்.

கடைகளில் பாக்கெட்டாக விற்கும் அடைப்பு நீக்கும் பவுடரைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் பெரும்பாலானோர் முதலில் கை நீட்டுவது அதற்குத்தான். அதில் முக்கியமாக இருப்பது காஸ்டிக் சோடா. அது கொழுப்பைச் சோப்பாக மாற்றும், முடியையும் அரிக்கும். ஆகவே, வேலை செய்யாது என்று சொல்வது நியாயமாகாது. தண்ணீர் மெதுவாக இறங்கும் நிலையில் அது ஓரளவு பயன்படும். ஆனால் முழுதாக அடைத்த குழாயில் தூள் அடைப்பின் மேலேயே தங்கி, சில சமயம் கல்லாக இறுகி, இருந்த அடைப்போடு இன்னோர் அடைப்பைச் சேர்த்துவிடும். தண்ணீர் பட்டதும் அது கொதிப்பதுபோல் சூடேறித் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பதால், பட்ட உடனே நிறைய தண்ணீரால் விடாமல் 15 நிமிடத்துக்குக் குறையாமல் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும். அலுமினியப் பாத்திரத்தில் அதைக் கலக்கவே கூடாது, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். இவை எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்பட வைப்பது, பவுடர் பலிக்கவில்லை என்றதும் கழிப்பறைக்கு வைத்திருக்கும் ஆசிட்டை எடுத்து அதே குழாயில் ஊற்றும் வழக்கம். காஸ்டிக் சோடாவும் ஆசிட்டும் சந்தித்தால் மூர்க்கமாகப் பொங்கி முகத்தில் அடிக்கும். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், சன்னல் சிறிதான குளியலறையில் அது உயிருக்கே உலை வைக்கும். பவுடர் போட்ட குழாயில் உடனே ஸ்பிரிங் கம்பியையும் விடக் கூடாது. இழுக்கும்போது அந்தக் காரத் தண்ணீர் மேலே தெறிக்கும்.

முள் வைத்த மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஒன்று 50 ரூபாய்க்குள் கிடைக்கிறது. வாஷ் பேசினுக்கு அது போதும். ரப்பர் கப் வைத்த பம்ப், தரைத் துளையில் ஓரம் சரியாகப் படியாததால் குளியலறையில் எனக்கு அவ்வளவாக உதவவில்லை.

ஸ்பிரிங் கம்பிக்கு எல்லை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே ஒரு துளையில் மட்டும் தண்ணீர் நின்றால் கோளாறு அந்தக் கிளைக் குழாயில் இருக்கிறது. குளியலறை, வாஷ் பேசின், கழிப்பறை மூன்றும் சேர்ந்தாற்போல் மந்தமானால் கோளாறு வெளியே. அப்போது வீட்டுப் பக்கவாட்டில் இருக்கும் சேம்பரின், அதாவது கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் சிறு தொட்டியின் மூடியைத் திறந்து பார்க்கலாம். சேம்பர் காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுக்கும் சேம்பருக்கும் நடுவே. தண்ணீர் ததும்பி நின்றால் அதற்கு அப்பால். ததும்பி நிற்கும் நிலையில் 5 மீட்டர் கம்பியால் ஆகப்போவது ஒன்றுமில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது பெய்ததைப் போன்ற மழையில், தெருவே நிறைந்து தண்ணீர் குளியலறைத் துளை வழியாக மேலேறினால், வெளியே வடியும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. செப்டிக் டேங்க் நிரம்பியிருந்தால் லாரி வைத்து உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். யாரையும் உள்ளே இறங்கச் சொல்லாதீர்கள். டேங்கினுள் தேங்கும் வாயு சில நொடிகளில் ஆளைச் சாய்த்துவிடும்; பாதுகாப்புக் கருவிகள் இன்றி ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமுமாகும்.

பொருளின் குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, துரு. கடற்காற்று வீசும் ஊரில் இந்தக் கம்பியை ஈரத்தோடு வைத்தால் சில நாட்களிலேயே செம்பழுப்பாகிவிடும். கழுவி, வெயிலில் காயவைத்து, தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து வைப்பதால் என்னுடையது இன்னும் நன்றாக இருக்கிறது. இரண்டாவது, கைப்பிடியைக் கம்பியோடு பிணைக்கும் திருகாணி தளர்ந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் முடுக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். வெஸ்டர்ன் கழிப்பறைக் கோப்பையில் இதை விட்டால் பீங்கானின் மினுமினுப்பு கீறிப்போகும் என்பதால் அங்கே பயன்படுத்தக் கூடாது. பழைய வீடுகளில் இன்னமும் மண் குழாய் இருக்கலாம். அங்கே மிகவும் நிதானமாகத் தள்ள வேண்டும். இவ்வளவையும் வாங்குபவர் தாமாகவே அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியல்ல. எந்தப் பக்கம் சுற்றுவது, எங்கே விடக் கூடாது என்ற இரண்டையாவது தமிழில் அச்சிட்டுப் பைக்குள் வைத்துக் கொடுத்தால் அதற்கென்று 10 ரூபாய் கூடுதலாகவே தரலாம்.

வாங்கும்போது 3 மீட்டர் கம்பியும் இருக்கிறது என்று காட்டுவார்கள். விலை குறைவுதான், ஆனால் இரண்டு வளைவுகளைக் கடந்து சேம்பர் வரை அது எட்டாது. 5 மீட்டரையே கேட்டு வாங்குங்கள்.