அமெரிக்க இன்டர்ன்ஷிப் சம்பளத்துக்கு வரிக் கணக்கு: நம்ம ஊர் ஆடிட்டரா, சாஃப்ட்வேரா, அங்கிருக்கும் கன்சல்டன்டா?

டெல்டாவில் நிறைய வீடுகளில் யாரும் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ததே இல்லை. குறுவையும் சம்பாவும்தான் வருமானம், விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது, அதனால் தேவையும் வந்ததில்லை. அந்த வீட்டுப் பிள்ளை திருச்சியிலோ தஞ்சாவூரிலோ பி.டெக் முடித்து, கல்விக் கடன் வாங்கி அமெரிக்காவில் எம்.எஸ். சேருகிறது, கோடையில் இன்டர்ன்ஷிப் செய்கிறது. குடும்பத்தின் முதல் வரிக் கணக்கே அமெரிக்க அரசுக்குப் போகிறது. ஜனவரி பிறந்தால் மன்னார்குடி, கும்பகோணம் பக்கத்துப் பெற்றோர் என்னிடம் கேட்பது இதுதான்: "தம்பி, நம்ம ஆடிட்டர்கிட்டயே குடுத்துடலாமா, இல்ல அங்கயே யாரையாவது பாக்கச் சொல்லலாமா?"

யாரிடம் கொடுப்பது என்பதற்கு முன்னால், எந்தப் படிவம் என்பது தெளிவாக வேண்டும். எஃப்-1 விசாவில் முதல் தடவை போன மாணவர், முதல் 5 காலண்டர் ஆண்டுகளுக்கு வரிக் கணக்கில் நான்-ரெசிடென்ட், அதாவது அங்கே குடியிருப்பவராகக் கருதப்படாதவர். 2023 ஆகஸ்டில் போனவருக்கு 2023-ம் ஒரு முழு ஆண்டாகத்தான் எண்ணப்படும், ஆக 2027 வரை. அவருக்கான படிவம் 1040-என்ஆர். கூடவே 8843, மாணவராக அங்கே இருந்த நாட்களைத் தெரிவிக்கும் படிவம். ஒரு டாலர் சம்பாதிக்காவிட்டாலும் 8843 கொடுக்க வேண்டும். சம்பளம் வாங்கியவருக்குக் கடைசி நாள் ஏப்ரல் 15.

இந்திய மாணவருக்கு இதில் ஒரு பெரிய சாதகம் உண்டு. மற்ற நாட்டு நான்-ரெசிடென்ட் மாணவர்களுக்குப் பொதுவாக நிலையான கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன், வருமானத்தில் வரி இல்லாமல் கழித்துக்கொள்ளும் தொகை) கிடையாது. இந்திய - அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-வது பிரிவால் நம் பிள்ளைகளுக்கு உண்டு. 2025-ஆம் ஆண்டு வருமானத்துக்கு அது 15,750 டாலர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மணிக்கு 30 டாலர், வாரம் 40 மணி நேரம், 12 வாரம் என்றால் 14,400 டாலர். வேறு வருமானம் இல்லையென்றால் மத்திய வரி பூஜ்யம். சம்பளத்தில் பிடித்த மத்திய வருமான வரி முழுவதும் ரீஃபண்டாக வந்துவிடும். சீன ரூம்மேட்டுக்கு வேறு ஒப்பந்தம், வேறு கணக்கு. அவர் போட்டதைப் பார்த்து அப்படியே போடக் கூடாது.

இனி யாரிடம் என்று பார்ப்போம்.

நம்ம ஊர் ஆடிட்டர் நல்லவர், குடும்பத்துக்குப் பழக்கமானவர், எல்லாம் சரி. ஆனால் 1040-என்ஆர் அவருடைய அன்றாட வேலை இல்லை. அவரிடம் போக வேண்டியது இந்தியப் பக்கக் கணக்குக்காக. ஆகஸ்டில் கிளம்பிய பிள்ளை, ஏப்ரல் தொடங்கி நாலு மாதம் இங்கே இருந்திருப்பதால், அந்த முதல் நிதியாண்டில் பெரும்பாலும் இந்தியாவில் குடியிருப்பவராகவே கருதப்படுவார். அந்த மார்ச்சுக்குள் அங்கே சம்பாதித்திருந்தாலோ, வங்கிக் கணக்கு தொடங்கியிருந்தாலோ இங்கே காட்ட வேண்டி வரலாம். இதை ஆடிட்டர் நன்றாகவே பார்த்துக்கொள்வார்.

அடுத்தது, அமெரிக்கர்கள் பரவலாகப் பயன்படுத்தும் வரி சாஃப்ட்வேரான டர்போடாக்ஸ். இதை யோசிக்கவே வேண்டாம். அதில் 1040-என்ஆர் கிடையாது. கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே போனால் 1040-தான் தயாராகும், அது ரெசிடென்ட்டுக்கானது. அனுப்பியாகிவிட்டது என்றால் 1040-எக்ஸ் போட்டுத் திருத்த வேண்டும்.

கன்சல்டன்ட் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகள் அதிகம் மாட்டுவது இங்கேதான். நல்லவர்கள் இருக்கிறார்கள். இரண்டு மாநிலத்தில் வேலை பார்த்தவர், நடு ஆண்டில் எச்-1பி வேலை விசாவுக்கு மாறியவர் எல்லாம் அவர்களிடம் காசு கொடுத்துச் செய்வது நியாயமான செலவு. ஆனால் "உன் ஃப்ரெண்டுக்கு அவ்வளவு வந்துச்சு, உனக்கும் வாங்கித் தர்றேன்" என்று பேசுகிறவரிடம் எச்சரிக்கை வேண்டும். பாபநாசத்துப் பெண் ஒருத்தி தனக்கு வந்த வரைவை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். முதல் பக்கத்தின் மேலே வெறும் 1040, பக்கத்தில் என்ஆர் இல்லை. உள்ளே கல்விச் சலுகை என்று 1,000 டாலர். அந்தச் சலுகை இளங்கலையின் முதல் 4 ஆண்டுகளுக்கானது. இவள் எம்.எஸ். மாணவி, அதற்கும் மேல் நான்-ரெசிடென்ட். "இதுல கையெழுத்துப் போடாதம்மா" என்றேன். தயாரித்தவர் யாராக இருந்தாலும் பொறுப்பு கையெழுத்துப் போட்டவருடையது. நாளைக்கு கிரீன் கார்டு என்று வரும்போது பழைய வரிக் கணக்கையெல்லாம் கேட்கலாம். ரீஃபண்டில் இத்தனை சதவீதம் எனக்கு என்று கட்டணம் பேசுகிறவரையும், தயாரித்தவர் என்ற இடத்தில் தன் பிடிஐஎன் எண்ணை (வரிக் கணக்கு தயாரிப்பவருக்கு அமெரிக்க வரித் துறை தரும் எண்) போட்டுக் கையெழுத்திடாதவரையும் விட்டுவிடுங்கள்.

ஒரே கம்பெனி, ஒரே டபிள்யூ-2 (கம்பெனி தரும் ஆண்டுச் சம்பளம், பிடித்த வரி விவரப் படிவம்) என்றால் என் தேர்வு ஸ்பிரின்டாக்ஸ் போன்ற நான்-ரெசிடென்ட் சாஃப்ட்வேர்தான். பல பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் மூலம் அதை இலவசமாகப் பயன்படுத்தக் குறியீடு (code) தருகின்றன. பிப்ரவரியிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். விசா, நுழைந்த தேதி எல்லாம் கேட்டு, படிவத்தை அதுவே முடிவு செய்யும். வரைவு வந்ததும் நிலையான கழிவு விழுந்திருக்கிறதா, பக்கத்தில் இந்திய ஒப்பந்தத்தைச் சொல்லியிருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள். அந்தக் குறியீடு பெரும்பாலும் மத்தியக் கணக்குக்கு மட்டும்தான் செல்லும், மாநிலக் கணக்குக்குத் தனிக் காசு. டெக்சாஸில் படித்து கலிஃபோர்னியாவில் இன்டர்ன்ஷிப் செய்தவருக்கு அந்தச் செலவு உண்டு, ஏனென்றால் கலிஃபோர்னியாவுக்குத் தனியாகத் தாக்கல் செய்ய வேண்டும். வேலையும் டெக்சாஸிலேயே என்றால் மாநில வருமான வரியே இல்லை.

கேம்பஸில் விட்டா (VITA) என்ற, வரிக் கணக்குப் போட உதவும் தன்னார்வலர் முகாம் நடந்தால் அது இலவசம், ஆளிடம் நேரில் கேட்கவும் முடியும். ஆனால் வெளிநாட்டு மாணவர் கணக்குக்குப் பயிற்சி பெற்றவர் எல்லா முகாமிலும் இருப்பதில்லை. போவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். கையால் எழுதி அஞ்சலில் அனுப்புவதும் முடியும்தான், ரீஃபண்ட் தாமதமாகும்.

எந்த வழியில் போனாலும் டபிள்யூ-2 வந்ததும் 4, 6 எண்ணிட்ட கட்டங்களைப் பாருங்கள். அங்கத்திய ஓய்வூதியத் திட்டமான சோஷியல் செக்யூரிட்டிக்கு 6.2 சதவீதம், முதியோர் மருத்துவத் திட்டமான மெடிகேருக்கு 1.45 சதவீதம் பிடித்திருந்தால் அந்தக் கட்டங்களில் தெரியும். நான்-ரெசிடென்ட் மாணவரின் இன்டர்ன்ஷிப் சம்பளத்தில் இரண்டையும் பிடிக்கக் கூடாது, ஆனால் தெரியாமல் பிடித்துவிடும் கம்பெனிகள் உண்டு. 14,400 டாலருக்கு அது 1,101 டாலர் 60 சென்ட். 1040-என்ஆர் போட்டால் இந்தப் பணம் தானாகத் திரும்பாது. முதலில் கம்பெனியின் பேரோல் (சம்பளக் கணக்கு) பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். அவர்கள் தரவில்லை என்றால் 843, 8316 என்ற இரண்டு படிவங்களையும் தனியாக அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ்-க்கு அனுப்ப வேண்டும். படிப்பு முடிந்து ஊர் திரும்புகிறவர், இந்தப் பணமெல்லாம் வந்து சேரும்வரை அமெரிக்க வங்கிக் கணக்கை மூடாமல் வைத்திருப்பது நல்லது.