ஐந்து வருட கேஸ் மாத்திரையும் ஒரு நிமோனியாவும்

வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரை 40 மில்லிகிராம், காலையில் வெறும் வயிற்றில் ஒன்று. ஐந்து வருடம் விழுங்கியிருக்கிறேன். எட்டு வாரத்துக்குத்தான் எழுதிக் கொடுத்தார்கள், அதை இவ்வளவு தூரம் இழுத்தது நான்தான்.

மருந்துக்குச் சேர வேண்டிய நல்ல பெயரை முதலில் சொல்லிவிடுகிறேன். ராத்திரியில் தொண்டை வரைக்கும் புளித்துக்கொண்டு வந்து, எழுந்து உட்கார்ந்தே விடியவைத்தவன் நான். மாத்திரை ஆரம்பித்த ஒரு வாரத்துக்குள் நிம்மதியாகத் தூங்கினேன். நெஞ்செரிச்சல் விஷயத்தில் அதன் மேல் ஒரு குறையும் இல்லை.

நான்காவது வருடம் காய்ச்சல், மூச்சை இழுத்தால் வலது பக்கம் குத்தல், எக்ஸ்ரே எடுத்தால் நிமோனியா. ஆன்டிபயாட்டிக்கில் சரியாகிவிட்டது. ஆனால் மருத்துவர் "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டபோது "எதுவும் இல்லை" என்றேன். பொய் சொல்லவில்லை, கேஸ் மாத்திரையை நான் மாத்திரைக் கணக்கிலேயே வைத்திருக்கவில்லை! பிறகு ஞாபகம் வந்து சொன்னதும்தான் அவர் விளக்கினார். நாம் விழுங்கும் கிருமிகளில் பெரும்பாலானவற்றை வயிற்று அமிலம் கொன்றுவிடும், அமிலம் குறைந்தால் அவை பிழைத்துப் பெருகலாம், தூக்கத்தில் எதுக்களித்து வரும் துளி மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் கிருமியும் கூடவே போகும். 2004இல் நெதர்லாந்தில் வந்த ஓர் ஆய்வு, இந்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களுக்கு நிமோனியா அதிகம் வருவதாகச் சொன்னதிலிருந்தே இந்தச் சந்தேகம் பெரிதாகப் பேசப்படுகிறது.

பயந்துபோய் மறுநாளே நிறுத்தினேன். அதுதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம். இரண்டே வாரத்தில் முன்பைவிட மோசமான எரிச்சல். அடக்கி வைத்த அமிலம் திருப்பி அடிக்கிறது, அவ்வளவுதான். 2009இல் நெஞ்செரிச்சலே இல்லாத ஆரோக்கியமான ஆட்களுக்கு எட்டு வாரம் எசோமெப்ரசோல் என்ற இதே வகை மாத்திரையைக் கொடுத்து நிறுத்தியதில், அவர்களில் 40 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கு எரிச்சல், புளியேப்பம் எல்லாம் வந்திருக்கிறது. இது தெரியாமல் "எனக்கு வியாதி முற்றிவிட்டது" என்று நினைத்து மறுபடி 40க்கே ஓடினேன்.

அப்புறம்தான் நிதானமாகப் படித்தேன். 2019இல் வெளியான காம்பஸ் ஆய்வில் 17,000 பேருக்கு மேல், பாதிப் பேருக்கு நான் சாப்பிட்ட அதே மருந்து அதே அளவில், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, சராசரியாக மூன்று வருடம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நிமோனியாவில் வித்தியாசமே இல்லை, குடல் தொற்று மட்டும் கொஞ்சம் கூடுதல். பழைய ஆய்வுகள் ஏன் வேறு மாதிரி சொன்னன? இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களில் வயதானவர்களும் ஏற்கெனவே பல நோய் உள்ளவர்களும் அதிகம். தவிர, நிமோனியா தொடங்கும்போது வரும் இருமலையும் நெஞ்சுவலியையும் அமிலத் தொல்லை என்று நினைத்து மாத்திரை எழுதிவிட்டால், பழி மாத்திரை மேல் விழும். மாத்திரை தொடங்கிய முதல் மாதத்தில்தான் ஆபத்து அதிகம் என்று பல ஆய்வுகளில் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. எனக்கு வந்ததோ நான்காவது வருடம்.

இன்னொன்று, இதை யாராவது முதல் நாளே சொல்லியிருக்கலாம். இந்த மாத்திரை எதுக்களிப்பை நிறுத்துவதில்லை. மேலே வருவதில் உள்ள அமிலத்தைத்தான் குறைக்கிறது. உணவுக்குழாய் அடியில் இருக்கும் தளர்ந்த தசை அப்படியேதான் இருக்கும். எரிச்சல் போனதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து, நான் பாட்டுக்கு ராத்திரி பத்தரைக்கு வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் பதினொரு மணிக்கு மல்லாந்து படுத்தேன். எரியவில்லை, அதனால் மேலே வருவதே தெரியவில்லை. என் நுரையீரலுக்கு மாத்திரை செய்த கெடுதலைவிட இந்தப் பழக்கம் செய்தது அதிகம் என்றுதான் எனக்குப் படுகிறது, நிரூபிக்க முடியாது.

இப்போது மருத்துவரைக் கேட்டுக்கொண்டே 20க்கு இறக்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று வந்திருக்கிறேன். இப்படிக் குறைக்க மூன்று மாதம் ஆனது. (குடல்புண்ணில் ரத்தம் கசிந்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் என்னைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள், உங்களுக்கு இது காவல்.) கட்டிலின் தலைமாட்டை ஆறு அங்குலம் உயர்த்தியாயிற்று, படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாடு, இடது பக்கம் ஒருக்களித்துத் தூக்கம். காலையில் வரும் வறட்டு இருமல் மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை. 40 சாப்பிட்டபோதும் அது போகவில்லை, அதனால் அதை இனி வயிற்றுக் கணக்கில் எழுதாமல் அடுத்த மாதம் நுரையீரல் மருத்துவரிடமே காட்டப்போகிறேன்.