அம்மம்மாவின் அம்மம்மாவைத் தேடி: கிராம்ப்ஸ் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இருந்துகொண்டு குடும்ப வரலாறு தேடப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வம்சாவளி எழுதும் மென்பொருள்களில் பெரும்பாலானவை குடும்பப்பெயர் உள்ளவர்களுக்காக, தகப்பன் வழியை மனதில் வைத்துச் செய்தவை. நமக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது, தகப்பனின் பெயர் முன்னுக்கு நிற்கும், அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும். வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போகும், கலியாணம் முடித்த மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார், குடி என்கிற குலப்பிரிவு தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும். இந்த ஒழுங்கை அப்படியே எழுத இடம் தருகிற மென்பொருள் எனக்கு வேண்டும். கிராம்ப்ஸ் அதைத் தந்தது, பல வருடங்களாக அதில்தான் இருக்கிறேன்.

நான் தேடியது அம்மம்மாவின் அம்மம்மாவை, இங்கே பூட்டி என்றே சொல்கிறேன். பெயரை இங்கே எழுதவில்லை, வீட்டில் விரும்பமாட்டார்கள். களுவாஞ்சிகுடியில் வாழ்ந்து செத்தவர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, எங்கிருந்து வந்தவர், யாருடைய மகள் என்பதில்தான் சிக்கல். ஒரு பகுதியினர் தம்பிலுவில் என்பார்கள், இன்னொரு பகுதியினர் கல்லாறு என்று அடித்துச் சொல்வார்கள்.

பிறப்புப் பதிவு கிடைக்காது என்பது சீக்கிரமே விளங்கிவிட்டது. இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு 1867இல் தொடங்கினாலும் 1897இல்தான் கட்டாயமாக்கப்பட்டது, அவர் பிறந்தது அதற்கு முந்திய காலம். கலியாணம் வழக்கப்படி வீட்டில் நடந்தது, பதிவில்லை. இறப்புப் பதிவுக்கு விண்ணப்பித்தால் திகதி கேட்கிறார்கள், நம்மிடம் இருப்பதோ 'பெரிய வெள்ளத்துக்கு முன்னம்' என்கிற கணக்கு மட்டும். ஓர் அலுவலகத்தில் பழைய பதிவேடு பூச்சி அரித்துப்போய்க் கிடக்கிறது என்று சொல்லி அதோடு முடித்துவிட்டார்கள், பார்க்கக்கூட விடவில்லை, அந்தக் கவலை எனக்கு இன்னும் தீரவில்லை. வீட்டில் பெட்டியில் இருந்த காணி உறுதிகள், அதாவது காணிப் பத்திரங்கள், 1978 நவம்பர் சூறாவளியில் கூரையோடு போய்விட்டன. கரையோர ஊர்களில் அதற்குப் பிறகு மிஞ்சியதையும் 2004 சுனாமி கொண்டுபோனது. தொண்ணூறில் யுத்தத்தில் ஊரைவிட்டு ஓடியவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், கடதாசியையா தூக்குவார்கள்?

சரி, இணையத்துக்கு வருவோம். ஃபமிலிசேர்ச் என்கிற வம்சாவளித் தளம் இலவசம், மோர்மன் சபையினர் நடத்துவது, உலகம் முழுக்கப் பிடித்த மைக்ரோஃபிலிம் சுருள்களை எண்ணிம வடிவத்துக்கு மாற்றும் பெரிய வேலையை 2021இல் முடித்தார்கள். இலங்கைக்கென்று அதில் உள்ளவற்றில் முக்கியமானது கொழும்புப் பகுதி டச்சு சீர்திருத்தத் திருச்சபையின் பதிவுகள், 1677இல் தொடங்குகின்றன. பறங்கியர் குடும்பத்து வேர் தேடுகிறவர்களுக்கு அது பொக்கிஷம். மட்டக்களப்பில் பறங்கியர் நிறையப் பேர், அவர்கள் கட்டாயம் பார்க்கவேண்டும். களுவாஞ்சிகுடி அடங்கிய எருவில்பற்றில் இருந்த ஒரு சைவக் குடும்பத்துக்கு அதில் வழியில்லை. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: அங்கே இருப்பது உலகத்துக்கே ஒரு மரம், செத்தவர்களின் விபரத்தை யாரும் திருத்தலாம். அது அந்தத் தளத்தின் கொள்கை. நமது ஊரில் ஒரே பெயரில் ஒரே தெருவில் நாலு பேர் இருப்பார்கள் என்பதால், உறுதியாகத் தெரியாத ஆளை அங்கே போடாமல் என் கணினியிலேயே வைத்திருக்கத் தீர்மானித்தேன்.

காசு வாங்குகிற ஒரு தளத்தையும் கொஞ்சக் காலம் பாவித்தேன். இலவசக் காலம் முடிந்ததும் கார்டில் இருந்து டொலர் கழிந்தது, நிறுத்துவதற்குப் பட்ட பாடு பெரும்பாடு. அது காட்டிய 'உறவினர்கள்' எல்லாரும் தகப்பன் பெயரைக் குடும்பப்பெயராக நினைத்துப் பொருத்தியவர்கள், ஒருவர்கூட நமக்குச் சம்பந்தமில்லை. அதைப் பாவிக்கும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன். டிஎன்ஏ பரிசோதனை பற்றியும் கேட்கிறார்கள். மைட்டோகொண்ட்ரியா டிஎன்ஏ தாயிடமிருந்து மட்டும் வருவது, குடி போகிற அதே வழியில் போகிறது, கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பொருத்திப் பார்க்க நமது பக்கத்து ஆட்களும் எடுத்திருக்க வேண்டுமே. நான் எடுக்கவில்லை.

இனி கிராம்ப்ஸ். திறந்தமூல மென்பொருள், முழுக்க இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும், தரவு உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது. இணையம் அறுந்து அறுந்து வருகிற வீட்டில் இது பெரிய ஆறுதல். யுனிகோட் தமிழில் எழுதலாம், வரைபடத்தை பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்துச் சிதறவில்லை.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது பெயர் எழுதும் இடம். குடும்பப்பெயர் பெட்டியை வெறுமையாக விட்டாலும் அது சண்டை பிடிக்காது. எழுதினாலும், அந்தப் பெயர் எந்த வழியில் வந்தது என்று தனியாகக் குறிக்கலாம்: தகப்பன் பெயர், தாய்வழி, தொழில், ஊர் என்று தெரிவுகள் இருக்கின்றன. தகப்பன் பெயரை 'தகப்பன் பெயர்' என்றே குறித்தேன், குடியைத் 'தாய்வழி' என்று இரண்டாவதாகச் சேர்த்தேன். அப்புறம் குடியை வைத்து ஒரு வடிகட்டி செய்தால், ஒரு குடிக்காரர் அத்தனை பேரும் வரிசையாக வந்து நிற்கிறார்கள். ஒரு குடிக்குள்ளேயே கலியாணம் செய்யமாட்டார்கள் என்பது நமது வழக்கம், ஆகவே புருசன் பெண்சாதி இருவருக்கும் ஒரே குடி என்று வந்தால் எங்கோ ஓர் இணைப்புப் பிசகு என்று உடனே தெரிந்துவிடும். இப்படிக் கண்டுபிடித்து நான் பிரித்த ஆட்கள் பலர். காத்தான்குடி, அக்கரைப்பற்று முஸ்லிம் குடும்பங்களிலும் தாய்வழிக் குடி உண்டு, அவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

இடங்களைப் பதியும் முறையும் நல்லது. ஒரு ஊர் எந்த மாவட்டத்துக்குள் எந்தக் காலத்தில் இருந்தது என்று திகதியோடு எழுதலாம். அம்பாறை மாவட்டம் பிரிந்தது 1961இல். அதற்கு முன்னம் கல்முனை, காரைதீவு, தம்பிலுவில் எல்லாம் மட்டக்களப்பு மாவட்டம். இதை மறந்தால் பழைய கடதாசியைத் தேடித் தவறான கந்தோருக்கு அலைய வேண்டிவரும்.

இவ்வளவும் வசதிகள். பூட்டியைப் பிடித்துத் தந்தது காணி உறுதிதான்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைச் சட்டத்தின்படி, காணி கைமாறினால் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சியோடு எழுதவேண்டும். எழுதியதில் ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். வீட்டில் இருந்த உறுதியைச் சூறாவளி கொண்டுபோனாலும் அங்கே இருக்கும். அம்மம்மாவின் தாய்க்கு எழுதிய சீதன உறுதியின் பிரதி இப்படித்தான் கிடைத்தது. அதில் கொடுத்தவரின் உரிமை 'முதுசம்' (பரம்பரைச் சொத்து) என்று மட்டும் இருந்தது, அதாவது அவருக்கு முன்னம் உறுதியே இல்லை. பலர் இந்த இடத்தோடு தேடலை விட்டுவிடுவார்கள்.

நான் பக்கத்து வளவுகளின் உறுதிகளை எடுக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு உறுதியிலும் அட்டவணை இருக்கும், அதில் வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று நாலு எல்லை. எல்லையில் வாவி வரும், ஒழுங்கை வரும், பெரும்பாலும் ஆளின் பெயர் வரும். தன் பெயரில் ஓர் உறுதியும் இல்லாத மனிசி, அயலவரின் உறுதியில் தெற்கெல்லையாக இருந்தார், அதுவும் தகப்பன் பெயரோடு, 'இன்னாரின் மகள் இன்னார் வளவு' என்று! அந்தப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு கந்தோர் வாசலிலேயே நின்று திரும்பத் திரும்ப வாசித்தேன்.

இதைக் கிராம்ப்ஸில் எழுதுவது எப்படி என்று சொல்லவேண்டும், ஏனென்றால் வேறு மென்பொருளில் இது சிரமம். உறுதியை ஒரு நிகழ்வாகப் பதியலாம், ஒரே நிகழ்வில் பலரைச் சேர்த்து ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு கொடுக்கலாம். கொடுத்தவர், வாங்கியவர், சாட்சி என்று எழுதிவிட்டு, 'எல்லைக்காரர்' என்று நானே ஒரு பங்கு உண்டாக்கினேன். சொந்தம் என்று தெரியாதவரையும் பதியலாம், அதுதான் முக்கியம். கொஞ்சக் காலம் இப்படிப் பதிந்துகொண்டு வர, தகப்பன் என்று வந்த அந்தப் பெயர்க்காரர் தம்பிலுவிலில் நடந்த ஒரு காணி மாற்றத்தில் சாட்சியாக இருப்பது தெரிந்தது. அதே பெயரில் வேறு ஆளாகவும் இருக்கலாம், ஆகவே அந்த ஆதாரத்துக்குக் 'குறைந்த நம்பகம்' என்று போட்டேன். ஆதாரத்தின் நம்பகத்தை ஐந்து படியாகக் குறிக்கும் வசதி இருக்கிறது, தயவுசெய்து அதைப் பாவியுங்கள்.

அந்த நம்பகத்தை உயர்த்தியது பெரியம்மா முறையான ஒருவர். கல்லாறா தம்பிலுவிலா என்று நான் இழுத்துக்கொண்டிருக்க, அவர் கேட்டார்: "அவ அந்தக் குடி இல்லாட்டி, கோயில்ல நமக்கு அந்தத் திருவிழாப் பங்கு எப்படி மனே வந்தது?" நமது பக்கத்துப் பழைய கோயில்களில் திருவிழாவும் வண்ணக்கர் என்கிற கோயில் நிர்வாகிப் பதவியும் குடிக்குக் குடி பங்கிடப்பட்டவை, குடியோ தாய் வழியாக மட்டும் வருவது. எங்கள் பங்கு அம்மம்மா வழியில் வந்திருக்கிறது என்றால் பூட்டியின் குடி அதுதான். அந்தச் சாட்சிக்காரரின் பெண்சாதி பக்கத்தில் விசாரித்தபோது அதே குடி வந்தது. வாய்ச்சொல்லும் ஒரு ஆதாரம், சொன்னவர் யார், எப்போது சொன்னார் என்று எழுதி வைக்கவேண்டும்.

'நூலகம்' என்கிற இணையத்தளத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2005இல் தொடங்கியது, எல்லாம் இலவசம், தமிழிலேயே தேடலாம். கும்பாபிஷேக மலர், பாடசாலை மலர், முப்பத்தோராம் நாள் நினைவு மலர் என்று அதில் கிடப்பவை நமக்கு எந்த வெளிநாட்டுத் தளமும் தராதவை. நினைவு மலர்களில் வம்சாவளி அச்சிட்டிருப்பார்கள், ஆண்பக்கம் நீளமாகவும் பெண்பக்கம் ஒரு வரியாகவும் இருக்கும், அந்த ஒரு வரிதான் நமக்குத் தேவை.

கிராம்ப்ஸின் குறைகளும் உண்டு. பழக நாள் எடுக்கும், முதல் வாரத்தில் தலை சுற்றும். கைபேசியில் நேரடியாக இல்லை, கிராம்ப்ஸ் வெப் என்று ஒன்றைச் சேர்வரில் நிறுவினால் உலாவியில் பார்க்கலாம், எல்லாருக்கும் அது முடியாது. தமிழ் மாதக் கணக்கு இல்லை, 'வைகாசிச் சடங்குக்குப் பிறகு' என்பதைக் குறிப்பாகத்தான் எழுதவேண்டும். ஜெட்கொம் என்கிற, வம்சாவளி மென்பொருள்களுக்குப் பொதுவான கோப்பாக வெளியே எடுக்கும்போது சில விபரங்கள் கழன்றுவிடும், ஆகவே காப்புப்பிரதியை எப்போதும் அதன் சொந்த வடிவத்தில் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று இந்த மாவட்டத்துக்கு வெளியே இருக்கட்டும்.

பூட்டியின் தாய் யார் என்பது இன்னும் வெறுமையாக இருக்கிறது. தம்பிலுவில் உறுதிகளின் எல்லைகளை ஒவ்வொன்றாகப் பதிந்துகொண்டிருக்கிறேன். திருக்கோவில், தம்பிலுவில் பக்கத்தில் பழைய உறுதி வைத்திருப்பவர்கள் அட்டவணைப் பகுதியை ஒரு படம் எடுத்து வைத்துவிடுங்கள், உங்கள் வளவின் எல்லையில் யாருடைய பூட்டியாவது இருப்பார்.