டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர்: ரிப்பேருக்குப் போய் வந்த பிறகு எழுதுவது

சர்வீஸ் முடிந்து கேமரா கைக்கு வந்த சூட்டோடு எழுதுகிறேன், எழுத்திலும் அந்தச் சூடு இருக்கும். டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவருக்கும் சேர்த்துத்தான் இது. லென்ஸ் வழியாகப் பார்க்காமல் தனி ஜன்னல் வழியாகப் பார்த்து, இரண்டு பிம்பங்களைக் கையால் ஒன்றாகப் பொருத்தி ஃபோகஸ் பிடிக்கும் கேமராதான் ரேஞ்ச்ஃபைண்டர். என்னுடையது எந்த மாடல் என்று சொல்லப்போவதில்லை, சொன்னால் பேச்சு நேராக விலைக்குப் போய்விடும். எம் மவுண்ட் (லைக்கா எம் வரிசையின் லென்ஸ் பொருத்தும் வாய்), ஃபுல் ஃப்ரேம் (35 எம்எம் பிலிம் அளவு சென்ஸார்), செகண்ட் ஹேண்டில் வாங்கியது, வருஷக்கணக்காக என் தோளில் கிடப்பது. அவ்வளவு தெரிந்தால் போதும். நான் சொல்லப்போகும் தொல்லை இந்த வகைக் கேமராவுக்கே பிறவியிலிருந்து வருவது.

தொல்லை இதுதான்: கண் வைத்துப் பார்க்கும் ஜன்னலான வியூஃபைண்டர் ஒன்று சொல்லும், சென்ஸார் வேறொன்று சொல்லும். நடுவில் இருக்கும் அந்தச் சின்ன வெளிச்சக் கட்டத்தில் இரண்டு பிம்பமும் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்திவிட்டது, ஃபோகஸ் பிடித்தாகிவிட்டது, எடுத்தும் ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் அத்தையின் கண் மசமசவென்று இருக்கிறது, காதோர நரைமுடி மட்டும் ஒவ்வொரு இழையாக எண்ணலாம் போல இருக்கிறது. நான் பிடித்தது கண் இமைக்கு. ஒரு படம் என்றால் கை ஆடியிருக்கும் என்று விட்டுவிடலாம். அன்று முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் கிட்டத்தில் போய் எடுத்த முகங்கள் எல்லாமே அப்படித்தான் வந்திருந்தன.

ஏன் இப்படி ஆகிறது என்று புரிந்துகொண்டால் கோபம் குறையும் என்பார்கள், எனக்குக் கூடியது. லென்ஸின் பின்பக்கம் ஒரு உலோக வளையம் இருக்கிறது. ஃபோகஸ் திருப்பத் திருப்ப அது முன்னும் பின்னும் நகரும். கேமராவுக்குள் மவுண்ட்டின் மேல்பக்கம் ஒரு சின்ன உருளை அந்த வளையத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கும். உருளை நகர்ந்தால் அதோடு சேர்ந்த கை நகரும், கை நகர்ந்தால் இரண்டாவது பிம்பம் பக்கவாட்டில் நகரும். அவ்வளவுதான் கருவி. மோட்டார் கிடையாது, சென்ஸாரைக் கேட்பதும் கிடையாது. லென்ஸ், வளையம், உருளை, கை, கண்ணாடி, சென்ஸார் இருக்கும் தூரம், இத்தனையும் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கையில் நாம் பட்டனை அழுத்துகிறோம். எம் மவுண்ட்டுக்கும் சென்ஸாருக்கும் நடுவே 27.8 மில்லிமீட்டர். அதில் இம்மி பிசகினாலும் கிட்டத்து முகத்தில் தெரியும். 50 எம்எம் லென்ஸை எஃப்/1.4 அப்பர்ச்சரில் (வெளிச்சம் புகும் துளை) திறந்து வைத்து ஒரு மீட்டர் தூரத்தில் எடுத்தால் கூர்மையாக விழும் ஆழமே சுமார் 3 சென்டிமீட்டர்தான். அந்தக் கணக்கும் பிலிம் காலத்துக் கணக்கு.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. இந்த மவுண்ட் 1954-இல் லைக்கா எம்3-யோடு வந்தது. பிலிம் ஒரேயடியாகத் தட்டையாக நிற்காது, அதன் மேல் பூச்சுக்கும் கொஞ்சம் கனம் உண்டு, படத்தை அஞ்சலட்டையை விடக் கொஞ்சம் பெரிதாக பிரிண்ட் போட்டுப் பார்ப்பார்கள். கருவியின் சின்னச் சின்னப் பிசகுகளை அதெல்லாம் மூடி மறைத்துவிட்டது. சென்ஸார் எதையும் மறைக்காது. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமில் ஒரு பிக்சலின் அகலம் 6 மைக்ரான், 60 மெகாபிக்சல் லைக்கா எம்11-இல் அது 4-க்கும் கீழே. எழுபது வருஷத்துக்கு முந்தைய நெம்புகோலின் நேர்மையை இத்தனை நுணுக்கமான ஒன்று சோதித்துப் பார்க்கிறது. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1950-இல் திருவண்ணாமலைக்கும் புதுச்சேரிக்கும் வந்து ரமணரின் கடைசி நாட்களையும் அரவிந்தரையும் எடுத்தபோது கையில் இருந்தது பிலிம் லைக்கா. நூறு சதவீதம் பெரிதாக்கி இமையைத் தேடும் வேலை அவருக்கு இல்லை. நமக்கு இருக்கிறது, ஒரு தடவை பார்த்துவிட்டால் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

சர்வீஸ் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கே கொடுத்தேன் என்பது வேண்டாம். உள்ளூரில் இதைத் தொடக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுகூட இல்லை, அதனால் வெளியூருக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. போன் போட்டால் "அடுத்த வாரம் சார்". அடுத்த வாரம் போட்டால் அதே அடுத்த வாரம். முதல் தடவை வந்தபோது தூரத்தில் ஃபோகஸ் சரியாக இருந்தது, தெருக்கோடி விளக்குக்கம்பம் கச்சிதமாகப் பொருந்தியது, ஒரு மீட்டரில் பழையபடி பின்னால் விழுந்தது. தூரத்துக்கு ஒரு திருகு, கிட்டத்துக்கு இன்னொரு திருகு, ஒன்றைத் தொட்டால் மற்றது நகரும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து நிறுத்துவதுதான் வேலையே. பாதி வேலைக்கு முழுக்காசு வாங்கிக்கொண்டு அனுப்பியிருந்தார்கள். மறுபடி அனுப்பி, மறுபடி காத்திருந்து, இப்போதுதான் சரியாக வந்திருக்கிறது. மவுண்ட் வழியாக 2 எம்எம் ஆலன் கீ விட்டு நாமே திருப்பலாம் என்று பலர் செய்துகாட்டுகிறார்கள். செய்பவர்கள் செய்யட்டும். எனக்குச் சென்ஸாருக்கு அவ்வளவு பக்கத்தில் இரும்பைக் கொண்டுபோக மனசு வராது.

பாடி சரியாக இருந்தாலும் லென்ஸ் விடாது. ஸைஸ் கம்பெனியின் 'சி சொன்னார்' 50/1.5 லென்ஸ் போன்றவற்றில் அப்பர்ச்சரை மூட மூட ஃபோகஸ் விழும் இடமே நகர்ந்துகொண்டு போகும். மிரர்லெஸ் கேமராவில் சென்ஸாரே பார்த்து ஃபோகஸ் செய்வதால் அதைச் சமாளித்துவிடலாம், இங்கே எந்த அப்பர்ச்சரில் எவ்வளவு முன்னால் சாய வேண்டும் என்று கைக்குப் பழக வேண்டும். சீனத்து 7ஆர்ட்டிசன்ஸ், டிடிஆர்ட்டிசன் கம்பெனிகள் சில எம் மவுண்ட் லென்ஸ்களோடு ஒரு சோதனை அட்டையும் ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவரும் வைத்தே விற்றன, உன் பாடிக்கு நீயே சரிசெய்துகொள் என்று. அதை நான் நேர்மையான காரியம் என்றே சொல்வேன்.

சரி, இவ்வளவு திட்டுகிறவன் ஏன் வைத்திருக்கிறான்?

மயிலாப்பூர் அறுபத்து மூவர் திருவிழாவில் மாட வீதியில் நிற்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 35 எம்எம் லென்ஸ், எஃப்/8, தூரம் 3 மீட்டரில் வைத்தாகிவிட்டது. கிட்டத்தட்ட 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை எது நின்றாலும் கூர்மை, இனி ஃபோகஸைத் தொடவே வேண்டாம், விலகல் தொல்லையும் இந்தக் கணக்குக்குள் கரைந்துவிடும். வியூஃபைண்டரில் படத்தின் எல்லையைக் காட்டும் வெள்ளைக் கோட்டுக்குள் ஒரு பாட்டி பந்தல் ஓரம் நின்று நீர்மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். கோட்டுக்கு வெளியே, இடது பக்கம், ஒரு பையன் சொம்போடு கூட்டத்தை இடித்துக்கொண்டு வருவது எனக்குத் தெரிகிறது. அவன் இன்னும் படத்துக்குள் வரவில்லை. அவன் கை கோட்டைத் தாண்டும், பாட்டி நிமிர்வார், அந்த இடத்தில் அழுத்தினால் போதும் என்று முன்கூட்டியே தெரிகிறது. அழுத்தினேன். அழுத்திய அந்த நொடியிலும் கண் முன்னால் இருட்டவில்லை, பாட்டி கண்ணை மூடவில்லை என்பதை நானே பார்த்துவிட்டேன், திரையைத் திருப்பிப் பார்க்கும் அவசியமே வரவில்லை.

லென்ஸ் வழியாகவே கண்ணாடி வைத்துப் பார்க்கும் எஸ்எல்ஆரில் அந்த நொடியில் கண்ணாடி எழும்பி இருட்டும். மிரர்லெஸ்ஸில் இருட்டாத மாடல்கள் வந்துவிட்டன, ஆனால் அவை காட்டுவது லென்ஸ் பார்ப்பதை மட்டும். படத்துக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லும், என்ன வரப்போகிறது என்று சொல்லாது. ரேஞ்ச்ஃபைண்டரில் நான் பார்ப்பது வெறும் கண்ணாடி வழியாகத் தெருவை, தெருவின் மேல் ஒரு சட்டம் மிதக்கிறது, அவ்வளவுதான். லென்ஸ் எதை ஃபோகஸ் செய்திருந்தாலும் முன்னால் இருப்பது, பின்னால் இருப்பது எல்லாம் தெளிவாகத் தெரியும். தெருவில் எடுப்பவர்கள் இந்தக் கேமராவைக் கட்டிக்கொண்டு அழுவதற்கு லென்ஸின் தரம், லைக்காவின் செம்புள்ளி முத்திரை, கௌரவம் என்று ஆயிரம் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அந்தக் கோட்டுக்கு வெளியே தெரியும் இடம்தான் காரணம், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஜன்னல் கேமராவின் இடது ஓரத்தில் இருக்கிறது, அதனால் வலது கண்ணால் பார்த்தால் என் முகத்தில் பாதி வெளியே தெரியும். எதிரில் இருப்பவர் ஒரு மனிதனைத்தான் பார்க்கிறார். லென்ஸும் சின்னது, உள்ளே எழும்பும் கண்ணாடி இல்லாததால் லென்ஸை சென்ஸாருக்கு நெருக்கமாக வைக்க முடிகிறது, அதனால்தான் 35/1.4 கூட உள்ளங்கையில் அடங்குகிறது. கோயில் வாசலில் பூக்கட்டும் அக்கா இதை வைத்து எடுத்தால் கையை நிறுத்துவதில்லை. பெரிய கேமராவைத் தூக்கினால் எந்த டிவி என்று கேட்பார்.

முன்பு வந்தவற்றைப் பற்றியும் இரண்டு வார்த்தை, செகண்ட் ஹேண்ட் தேடுகிறவர்களுக்காக. முதலில் வந்தது லைக்கா இல்லை, 2004-இல் எப்ஸன் ஆர்-டி1, கொசினா செய்த பாடி, 6 மெகாபிக்சல், டிஜிட்டலாக இருந்தும் ஒவ்வொரு படத்துக்கும் கையால் லீவரை இழுக்க வேண்டும். 2006-இல் லைக்காவின் எம்8. ஓரத்தில் சாய்ந்து வரும் வெளிச்சம் கெடக்கூடாது என்று சென்ஸார் மேல் மெல்லிய கண்ணாடி போட்டார்கள், அதனால் அகச்சிவப்புக் கதிர் உள்ளே புகுந்து கறுப்பு பாலியெஸ்டர் துணியெல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் வந்தது, லென்ஸ் முன்னால் ஃபில்டர் போட்டுத்தான் தீர்த்தார்கள். 2009-இல் எம்9, ஃபுல் ஃப்ரேம். அதன் சிசிடி வகைச் சென்ஸார் தரும் நிறத்துக்கு இன்றும் ரசிகர்கள் உண்டு, ஆனால் சென்ஸாரின் மேல் கண்ணாடி அரித்துப் போகும் பிரச்சினை தெரிந்த விஷயம். லைக்கா இலவசமாக மாற்றிக் கொடுத்துவந்தது, இப்போது மாற்றுச் சென்ஸாரே அவர்களிடம் இல்லை. அதனால் எம்9 வாங்கினால் சென்ஸார் மாற்றிய சீட்டைக் கையில் வாங்காமல் ஒரு ரூபாய் தராதீர்கள். 2017-இல் வந்த எம்10-இலிருந்து பாடி பிலிம் கேமரா கனத்துக்கு மெலிந்தது, வியூஃபைண்டரில் தெரியும் பிம்பமும் பெரிதானது. மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் நிஜமாகவே தெரியும். ஃபூஜி எக்ஸ்100 வரிசை பார்க்க இப்படியே இருக்கும், நல்ல கேமரா, ஆனால் அது ரேஞ்ச்ஃபைண்டர் கிடையாது, ஃபோகஸ் வேறு வழி. 2025-இல் லைக்காவே எம் பாடியிலிருந்து ரேஞ்ச்ஃபைண்டரை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் வியூஃபைண்டர் வைத்து எம் இவி1 என்று கொண்டுவந்தது. ஃபோகஸ் தொல்லை அதில் தீரும். கோட்டுக்கு வெளியே தெரியும் தெருவும் அதோடு போய்விடும். எனக்கு அது வேண்டாம்.

மற்றக் குறைகள் எனக்குப் பெரிதில்லை. 0.7 மீட்டருக்குள் நெருங்க முடியாது, இலையில் பரிமாறிய சாப்பாட்டை எடுக்க எழுந்து நிற்க வேண்டும். புதிய லென்ஸ்கள் சில 0.4 மீட்டர் வரை போகின்றன, ஆனால் அந்த இடத்தில் ரேஞ்ச்ஃபைண்டர் கைவிட்டுவிடும், திரையைத்தான் பார்க்க வேண்டும். ஃப்ரேம் கோடுகளும் தோராயம்தான், தூரத்தில் எடுத்தால் கோடு காட்டியதை விடக் கூடுதலாகவே படத்தில் விழும். இதெல்லாம் பழகிவிடும்.

ஃபோகஸ் விலகுவது மட்டும் எனக்குப் பழகவில்லை. ஸ்கூட்டரில் முன்னால் மாட்டிக்கொண்டு நம் ஊர்ச் சாலைகளில் போனால் எப்போது நகரும் என்று சொல்ல முடியாது, நகர்ந்ததை நமக்குத் தெரிவிக்க எந்த விளக்கும் எரியாது. நகர்ந்த பிறகும் கட்டத்தில் பிம்பங்கள் அதே போலத்தான் பொருந்தும். தப்பாக இருக்கும்போதும் சரியாக இருப்பதாகவே காட்டும் ஒரு கருவியை வைத்துக்கொண்டு அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கு எப்படிப் போவது? மூன்று முடிச்சு இரண்டாம் தடவை போடமாட்டார்கள்.

ஆகவே நண்பருக்கு: வாங்காதீர்கள். என்னுடைய நல்ல தெருப் படங்கள் எல்லாம் இதில் எடுத்தவைதான், இன்று மாலைகூட இதைத்தான் எடுத்துக்கொண்டு போகப்போகிறேன், இருந்தாலும் வாங்காதீர்கள். உங்களிடம் இருப்பது ஒரு கேமராவுக்கான காசு, வேலையும் அதை நம்பி இருக்கிறது, கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் மிரர்லெஸ் ஒன்று அந்தக் காசில் பாதிக்கு வரும். கேட்கமாட்டீர்கள் என்றால் ஒன்றே ஒன்று: விற்பவர் முன்னாலேயே, நீங்கள் வாங்கப்போகும் லென்ஸை முழுதாகத் திறந்து, தூரத்துக் கோபுரக் கலசம், மூன்று மீட்டரில் ஒரு ஆள், ஒரு மீட்டரில் சாய்வாக வைத்த செய்தித்தாள், மூன்றையும் ட்ரைபாடில் வைத்து எடுங்கள். மெமரி கார்டைக் கழற்றி லேப்டாப்பில் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். கேமராவின் பின்திரையில் பார்த்து நம்ப வேண்டாம், அதில் எல்லாமே கூர்மையாகத்தான் தெரியும். செய்தித்தாளில் நீங்கள் பிடித்த வரிக்கு இரண்டு வரி தள்ளி எழுத்து தெளிவாக இருந்தால், சர்வீஸ் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். கழிக்க மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.